முகத்துக்கும் அளவெடுங்கள்

வீட்டில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துத் தரும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும்,

கொரோனா ஓய்ந்து இவ்வளவு காலம் ஆனபிறகு மாஸ்க்கைப் பற்றி ஒரு மடலா என்று சிரிப்பீர்கள். ஆனால் நம் தெருவிலேயே அதைக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவர், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருக்கும் நாளில் பாடம் நடத்தும் டீச்சர், டூவீலரில் லாரிப் புழுதிக்குப் பின்னால் போகிறவர், பரண் துடைக்க ஏறினாலே தும்மல் அடங்காத பாட்டி. கடையில் கிடைப்பதை வாங்கிப் போட்டுப் பார்த்து, காது வலிக்கிறது, கண்ணாடி மங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்று கழற்றிப் பையில் போட்டுவிட்டு, "நீங்களே ஒன்று தைத்துக் கொடுங்களேன்" என்று உங்களிடம்தான் வருகிறார்கள்.

அப்படி வருகிறவருக்கு 2020-இல் தைத்ததையே மறுபடி தைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். அந்த வருஷம் மார்ச் கடைசியில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வீட்டிலேயே மாஸ்க் செய்வதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. ஏப்ரல் 3-ஆம் தேதி அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் துணி மாஸ்க் போடச் சொன்னது. அதற்குப் பிறகு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தது. ரேஷன் கடைகளில் ஆளுக்கு இரண்டு என்று மாஸ்க் கொடுத்தார்கள். தைத்தவர்களுக்கு எண்ணிக்கைதான் கணக்கு. ஒரே அளவு அட்டையை வைத்து அடுக்கடுக்காக வெட்டி, ராத்திரி பகலாக ஓட்டினோம். அந்த அவசரத்தில் வேறு வழியும் இல்லை.

ஆனால் அதன் விளைவைத் தெருவில் எல்லோரும் பார்த்தோம். பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில் தொங்கியது. மக்களின் அலட்சியம் என்று பேப்பரிலும் டிவியிலும் திட்டித் தீர்த்தார்கள். நான் அதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பேசும்போதெல்லாம் மூக்கிலிருந்து நழுவுகிற, காதை மடக்கி இழுக்கிற ஒன்றை எட்டு மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொன்னால் யாராக இருந்தாலும் இறக்கித்தான் விடுவார்கள். பாதிக் குறை போட்டவர்களிடம் என்றால் மீதிக் குறை தையலில். ஜப்பானில் நடந்ததும் இதுதான். அப்போதைய பிரதமர் ஷின்சோ அபே வீட்டுக்கு இரண்டு துணி மாஸ்க் அனுப்பினார். பெரியவர்களின் முகத்துக்கு அது சின்னதாக இருக்கிறது என்று ஊரே கேலி செய்தது. கோடிக்கணக்கில் மாஸ்க் கிடங்கிலேயே தங்கிப்போனது.

ஜாக்கெட்டுக்கு நாம் அப்படியா செய்கிறோம்? முப்பத்தாறு சைஸ் என்று சொல்லி ஒருத்தருடையதை இன்னொருத்தருக்குக் கொடுத்தால் வாசலிலேயே சண்டை வரும். அளவு ஜாக்கெட் கொண்டுவா என்போம்; கொண்டுவந்தாலும் தோளையும் கைக்குழியையும் ஒருமுறை டேப் வைத்துப் பார்க்காமல் கத்தரியைக் கையில் எடுக்க மாட்டோம். முகம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றா? மாஸ்க்கும் ஜாக்கெட் மாதிரிதான். அளவு பிடித்திருந்தால் போட்டவர் அதை மறந்துவிடுவார், பிடிக்காவிட்டால் நாள் முழுக்க இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார்.

முகத்துக்கு எடுக்க வேண்டியவை மூன்றே அளவுகள். முதலாவது, மூக்குத் தண்டின் மேல்பக்கத்திலிருந்து, அதாவது கண்ணாடி உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து, தாடைக்கு அடியில் டேப்பின் நுனி திரும்புகிற வரை. இதை வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது எடுக்காதீர்கள். "ஆ" என்று திறக்கச் சொல்லி எடுங்கள். பேசும்போது மாஸ்க் கீழே இறங்குவதற்கு முக்கியமான காரணம் வாய் திறக்கும்போது கூடும் இந்த ஓர் அங்குலம்தான். இரண்டாவது, ஒரு கன்னத்திலிருந்து மூக்கு நுனியைத் தாண்டி அடுத்த கன்னம் வரை. காது வரை போக வேண்டாம். காதுக்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே நிறுத்துங்கள். துணி காதை ஒட்டிப் போனால் காதுப் பிடி இழுத்து நிற்பதற்கு இடம் இருக்காது, கன்னத்தில் இடைவெளி விழும். மூன்றாவது, அந்த இடத்திலிருந்து காதைச் சுற்றி வந்து திரும்பும் தூரம். மூன்றையும் அவருடைய ஜாக்கெட் அளவு எழுதிய அதே பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள்.

இடைவெளியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பலவகைத் துணிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், நெருக்கமாக நெய்த பருத்தியோடு பட்டோ ஷிஃபானோ சேர்ந்தால் நன்றாக வடிகட்டுகிறது என்று கண்டார்கள். அதே ஆய்வில் வந்த இன்னொரு முடிவு நமக்கு இன்னும் முக்கியம். ஓரத்தில் சிறிது இடைவெளி இருந்தால் வடிகட்டும் திறன் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடுகிறது. எவ்வளவு உயர்ந்த துணியாக இருந்தாலும், மூச்சு சுலபமான வழியைத்தான் தேடும். இதனால்தான் கெட்டியான துணி நல்லது என்று நினைத்து ஜீன்ஸையும் திரைச்சீலையையும் வெட்டுவது வீண்வேலை. துணிக்குள் புக முடியாத காற்று கன்னத்தோரமாகப் போய்விடும். போட்டவருக்கு மூச்சு முட்டுவதுதான் மிச்சம்.

துணியைத் தேர்ந்தெடுக்க எந்தக் கருவியும் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நூல்களுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தள்ளி வையுங்கள். பிறகு இரண்டாக மடித்து வாயில் வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். சிரமப்பட்டால் அதுவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் பாப்ளினும், கேம்பிரிக்கும், நாம் ஜாக்கெட்டுக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியாவும்தான். உள்பக்கத்துக்கு எனக்குப் பிடித்தது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி. ஆனால் வேட்டியில் தேய்ந்த இடம் எது, தேயாத இடம் எது என்று பார்த்து வெட்டுங்கள். கரையோரம் நல்லபடியாக இருக்கும். மடித்துக் கட்டி உட்கார்ந்து எழுந்த நடுப்பகுதி சல்லடையாகியிருக்கும். பனியன் துணி மிருதுதான், ஆனால் இழுபட்டால் கண் திறந்துகொள்ளும். அதை முகத்துக்கு வைக்காமல் காதுப் பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி இரண்டு கையாலும் இழுத்துவிட்டால் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். எலாஸ்டிக்கைவிட அது காதுக்குச் சுகம்.

புதுத் துணியானால் கஞ்சி போக அலசி, காய வைத்து, தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுங்குடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதன் அழகுக்காக எல்லோரும் கேட்பார்கள். சாயம் போகிறதா என்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டு, வெளி அடுக்குக்கு மட்டும் வையுங்கள். உதட்டு ஈரம் படும் உள்பக்கம் வெள்ளையோ வெளிர்நிறமோ இருந்தால் அழுக்கும் தெரியும், சாயமும் ஒட்டாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்று அடுக்கு சொன்னது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பருத்தி, நடுவில் பாலிபுரோப்பிலீனால் ஆன நான்-வோவன், வெளியே ஈரம் ஒட்டாத பாலியெஸ்டர் கலந்த துணி. நான்-வோவன் வேறொன்றும் இல்லை; ஜவுளிக் கடைகளில் கொடுத்துக்கொண்டிருந்த, தொட்டால் துணிபோல இருக்கும் அந்தப் பைதான். அது துணியே இல்லை, பிளாஸ்டிக் என்று 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை வந்தபோதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. பழைய பையை வெட்டி உள்ளே வைக்காதீர்கள், மை அச்சடித்திருப்பார்கள். அச்சில்லாததை மீட்டராக வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பருத்தி அளவில் வைத்து அதன் மேல் ஓட்டாதீர்கள். ஏறத்தாழ 160 டிகிரியிலேயே அது உருகிவிடும். தேய்க்கிற வேலையை அடுக்குச் சேர்ப்பதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கும் வெயிலில் நடந்து வேலை பார்ப்பவர்களுக்கும் நடு அடுக்கை எடுக்கும்படியாக ஒரு பையாக வைத்துக் கொடுப்பது என் பழக்கம்.

இப்போது தையல். மடிப்பு வைத்த மாஸ்க் தைப்பதற்குச் சுலபம். அமெரிக்க மையம் கொடுத்த அளவு பத்துக்கு ஆறு அங்குலம், இரண்டு துண்டு. முன்பின் தெரியாதவருக்கு அனுப்புவதென்றால் அதுவே சரி. மடிப்புகளின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் தூசி தங்கும். ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்கு, டீச்சருக்கும் கண்டக்டருக்கும் கடையில் நிற்பவர்களுக்கும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் உள்ளே மடிந்து விரித்தால் படகு வடிவில் நிற்கும் மாதிரிதான் வேண்டும். உதட்டுக்கும் துணிக்கும் நடுவில் காற்று இருக்கும். பேசும்போது துணி வாய்க்குள் போகாது. மூக்குக்கு நேரே நடுத்தையல் போட்டுக் கூம்பாக எடுக்கும் மாதிரி பார்வைக்கு எடுப்பாக இருக்கும். எனக்கு அதில் ஒரு தயக்கம். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகள் வரிசையாக வாய்க்கு நேரே வருகின்றன. கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் உள்துணியின் தையலும் வெளித்துணியின் தையலும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கால் அங்குலம் தள்ளி அமையுங்கள். குண்டூசி குத்துவதும் ஓரத்தோடு நிற்கட்டும்.

மூக்குக் கம்பி இல்லாத மாஸ்க்கைக் கண்ணாடி போட்டவருக்குக் கொடுக்கவே கூடாது. மேலே கசியும் வெதுவெதுப்பான மூச்சுதான் கண்ணாடியில் பனியாகப் படிகிறது. மூக்குக்கு ஏற்ப வளைந்து அப்படியே நிற்கிற எந்த மெல்லிய கம்பியும் போதும், நகை செய்யக் கடையில் விற்கும் அலுமினியக் கம்பி இருந்தால் மேல். இரண்டு நுனியையும் வளையமாகச் சுருட்டிவிடுங்கள். இல்லையென்றால் நாலாவது துவைப்பில் துணியைக் கிழித்துக்கொண்டு கண்ணுக்குக் கீழே குத்தும். மேல் ஓரத்தில் தனியாக ஒரு சின்ன வழி தைத்து, ஒரு பக்கம் திறந்து வைத்தால் துவைக்கும்போது உருவிக்கொள்ளலாம்.

காது விஷயத்தில்தான் கடை மாஸ்க் நம் பெண்களிடம் தோற்றுப்போகிறது. ஜிமிக்கியும் மாட்டலும் எலாஸ்டிக்கில் சிக்கும். கழற்றும்போது காதோடு இழுத்துக்கொண்டு வரும், ஜிமிக்கி எங்கோ விழும், தேடுவார்கள். மூக்குத்தி போட்டவருக்கு உள்துணியில் அதன் கல் உரசி நூல் பிரியும். அந்த இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சின்னத் துண்டை உள்ளே இரட்டையாக வைத்துக் கொடுத்தால் போதும். கொண்டையும் பூவும் வைப்பவர்களுக்கு நாடா கட்டும் மாஸ்க்கே சௌகரியம்: மேல் நாடா பூவுக்கு மேலே, கீழ் நாடா பிடரியில். ஹிஜாப் அணிபவர்களுக்கும், காதில் கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கும் அதுவே. நாடா கட்டுவது பழைய வழக்கம் என்று யாராவது முகம் சுளித்தால், இலங்கையில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக் கோயிலிலும் கதிர்காமத்திலும் பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை முழுவதும் செய்வதைச் சொல்லுங்கள். சென்னை சவுகார்பேட்டைப் பக்கம் போனால் முகபத்தி என்ற வாய்த்துணி கட்டிய சமணத் துறவிகளையும் பார்க்கலாம். காதுப் பிடிதான் வேண்டுமென்றால் அதை மெஷினில் அடித்துப் பூட்டிவிடாதீர்கள். ஓரத்தில் வழி வைத்து, பாவாடை நாடா கோக்கும் அதே சேஃப்டி பின்னால் கோத்து, முடிச்சை உள்ளே தள்ளிவிடுங்கள். போடுகிறவரே கூட்டிக் குறைத்துக்கொள்வார்.

அழகு வேண்டாம், பாதுகாப்புதான் முக்கியம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அழகாக இருப்பதைத்தான் மனிதர்கள் கழற்றாமல் போட்டுக்கொள்வார்கள். 2020 கல்யாணங்களில் கூறைப்புடவைக்குப் பொருத்தமாகப் பட்டு மாஸ்க் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பொற்கொல்லர் தங்க இழையிலும் வெள்ளி இழையிலும்கூடச் செய்து காட்டினார். அந்தத் தூரத்துக்கு நாம் போக வேண்டாம். ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சும் பிட்டுத் துணியிலேயே மாஸ்க்கின் வெளி அடுக்கு வந்துவிடும். புடவைக்கு ஏற்ற மாஸ்க் என்று கொடுத்தால் எந்த வாடிக்கையாளரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கைவேலை செய்வதானால் வெளித்துணியில் மட்டும், அடுக்குச் சேர்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள்; எல்லா அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் ஒவ்வொரு பூவும் ஓட்டைதான். சரிகை ஓரம் கன்னத்தைக் கீறும், அதை நடுவே வையுங்கள். சமிக்கி ஒட்ட வேண்டாம், பிரிந்து மூக்கில் ஏறும். ஆண்கள் பெரும்பாலும் நிறம் கேட்க மாட்டார்கள். சட்டைக்கு ஏற்ற கட்டம் போட்டது ஒன்றை நீட்டிப் பாருங்கள், மறுவாரம் இன்னொன்றுக்கு வருவார்கள்.

இனி, எதைத் தைக்கக் கூடாது என்பது. துணி மாஸ்க்கால் என்ன முடியும் என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு இருக்கிறது. இலவசமாகக் கொடுத்து, எடுத்துச் சொல்லி, ஊர்க்காரர்களை வைத்து நினைவூட்டியபோது மாஸ்க் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் நோய் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே கீமோ எடுப்பவரோ, காசநோய் வார்டில் வேலை செய்யும் நர்ஸோ, கல்குவாரியிலும் பஞ்சாலையிலும் நுண்தூசியில் நிற்பவரோ உங்களிடம் வந்தால், அளவெடுக்காதீர்கள். டாக்டர் சொல்லும் மாஸ்க்கையோ என்-95 வகையையோ வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நம் நாட்டில் இருக்கும்போது இதில் தாட்சண்யம் பார்க்க முடியாது. சர்ஜிகல் மாஸ்க்குக்கு மேலே அதைக் கன்னத்தோடு அழுத்திப் பிடிக்கும் துணி மாஸ்க் ஒன்றை அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கலாம். அது உருப்படியான வேலை. மூச்சு விட வால்வு வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். வேண்டாம். உள்ளே வரும் காற்றை அது வடிகட்டலாம். வெளியே போகும் மூச்சை அப்படியே விட்டுவிடும்.

அதற்காகக் கைத்தையலைச் சிறுமையாக எண்ணவும் வேண்டாம். பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியென்-தே, 1910–11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது ஹார்பினுக்குப் போனார். நோய் எலியிலிருந்தோ தெள்ளுப்பூச்சியிலிருந்தோ அல்ல, மூச்சு வழியாகத்தான் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று அவர் சொன்னார். மெல்லிய மருத்துவ வலைத்துணிக்குள் பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டும் மாஸ்க்கை எல்லோரும் அணிய வைத்தார். அதை ஏற்காத மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் மாஸ்க் போடாமலே நோயாளிகளைப் பார்க்கப் போய், சில நாட்களில் அதே நோயில் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் சில மாதங்களில் அடங்கியது. எந்த ஊரிலும் கிடைக்கும் துணியிலும் பஞ்சிலும், யாருடைய கையாலும் செய்துவிடக்கூடியதாக இருந்தது அந்த மாஸ்க்.

குழந்தைகளுக்குக் கேட்டு வந்தால் முதலில் வயதைக் கேளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஐந்து வயது வரை கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் நீள நாடா குழந்தைக்குக் கூடாது. காது கேளாதோர் பள்ளி டீச்சர்கள் உதடு தெரியும்படி கண்ணாடித்தாள் வைத்துக் கேட்கக்கூடும். உதட்டளவுக்கு மட்டும் ஜன்னல் வெட்டுங்கள், சுற்றிலும் துணி இருந்தால்தான் மூச்சு விட முடியும். உள்பக்கத்தில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு தடவித் துடைத்தால் கொஞ்ச நேரம் பனி படியாது.

கொடுக்கும்போது குறைந்தது மூன்றாகக் கொடுங்கள்: ஒன்று முகத்தில், ஒன்று கொடியில், ஒன்று பையில். ஈரமானால் மாற்ற வேண்டும், சோப்பும் வெந்நீரும் வேண்டும், பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிடுங்கள். சீட்டு எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை.

விலையைப் பற்றிக் கடைசியாக. 2020 மார்ச்சில் அரசு மூன்று அடுக்கு சர்ஜிகல் மாஸ்க்குக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குப் போட்டியாக நாம் தைத்தால் நூல் காசுகூடத் தேறாது. போட்டி போட வேண்டாம். ஜாக்கெட் தைக்கும்போது கூடவே தைத்தால் துணிக்காசு இல்லாமல் தையல்கூலி மட்டும் வாங்குங்கள். தனியாகக் கேட்டால் அளவெடுத்ததற்கும் சேர்த்துக் கேளுங்கள், கொடுப்பார்கள். தளர்ந்த எலாஸ்டிக்கை மாற்றிக் கொடுக்கக் காசு வாங்காதீர்கள். அப்படி மாற்ற வரும்போது நோட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். பல் கட்டியவர், உடம்பு இளைத்தவர், தாடி வளர்த்தவர், வளர்கிற பிள்ளை என்றால் பழைய அளவை அடித்துவிட்டு மறுபடி டேப்பை எடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே மெஷின் மிதிக்கும் ஒருத்தி